ஒரே நேரத்தில் நாற்பது பேர் வந்தால்: நீலகிரி நர்சுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால், வருடா வருடம் புதிதாக டியூட்டிக்குச் சேர்ந்த தங்கைகளுக்கு ஒரு மத்தியானம் வகுப்பு எடுப்பேன். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் கிடைப்பதைச் சுருக்கிவிட்டேன். மலைக்கென்றே இருக்கும் தொல்லைகளைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை பேர் வந்தால் அதைக் கூட்ட விபத்து என்று சொல்ல வேண்டும்?

தலையை எண்ணிச் சொல்கிற விஷயம் இல்லை இது. வந்தவர்களின் தேவை நம் கையிருப்பை மிஞ்சிவிட்டால் அது கூட்ட விபத்து. கோவை அரசு மருத்துவமனைக்கு ஓர் இரவில் பத்து விபத்துக் கேஸ் வந்தால் அது வழக்கமான இரவுதான். குந்தா பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டியூட்டிக்கு ஒரே நர்ஸ், ஒரே ஆக்சிஜன் சிலிண்டர் என்றால், அங்கே நான்கு பேர் வந்தாலே பேரிடர்.

இதெல்லாம் நமக்கு எங்கே வரப்போகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் கேத்தி, குன்னூர் வட்டாரத்தில் சரிந்த மண்ணில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் 14 பேருடன் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. முதலில் உதவிக்கு ஓடியவர்கள் அந்த ஊர் ஜனங்கள். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் பாய்ந்தது. சரிவு, வெள்ளம், தீ, பேருந்து எல்லாமே ஒரே மாவட்டத்தில் நடந்திருக்கிறது.

ட்ரையாஜ் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

அடிபட்டு வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதுதான் ட்ரையாஜ். ‘தரம் பிரித்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தேயிலை ஃபேக்டரியில் தூளைத் தரம் பிரிப்பார்கள், அதில் கடைசி ரகத்துக்கு மதிப்புக் குறைவு. இங்கே யாருக்கும் மதிப்புக் குறைவு கிடையாது, வரிசைதான் மாறுகிறது. ‘முன்னுரிமை பிரித்தல்’ என்றால் பொருந்தும். நெப்போலியன் படையில் இருந்த அறுவை மருத்துவர் லாரே, சிப்பாயா தளபதியா என்று பார்க்காமல் காயத்தைப் பார்த்து வரிசை போட்டார். அங்கிருந்து வந்த வழக்கம் இது. வார்டில் நாம் எல்லாரும் ட்ரையாஜ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் என்கிறார்களே, அதற்குள் என்ன பார்க்க முடியும்?

மூச்சு, நாடி, சுயநினைவு. இந்த மூன்று போதும். இவற்றை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிறச் சீட்டு, அதாவது டேக்: உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை, இறந்தவருக்கும் பிழைக்க வைக்க முடியாதவருக்கும் கறுப்பு. 1983-இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய ‘ஸ்டார்ட்’ முறையைத்தான் நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம்.

முதலில் சத்தமாகக் கூப்பிடுங்கள்: “நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!” எழுந்து வருகிறவர்களுக்கு இப்போதைக்குப் பச்சை. இந்த ஒரு கூப்பாட்டிலேயே பாதிக் கூட்டம் பிரிந்துவிடும். மிச்சம் கிடப்பவர்களில் உங்களுக்கு அருகில் இருப்பவரிடம் போங்கள். அதிகமாக அலறுகிறவரிடம் அல்ல. அலறுகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூச்சு இல்லையா? தாடையைத் தூக்கிப் பாதையைத் திறந்து விடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் கறுப்பு. வந்துவிட்டால் சிவப்பு. தானாகவே மூச்சு விடுகிறார், ஆனால் நிமிடத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றால் சிவப்பு. “என் கையைப் பிடிச்சு அழுத்துங்க” என்றால் செய்யத் தெரியவில்லை, அதுவும் சிவப்பு. மூன்றிலும் தேறிவிட்டார், எழுந்து நடக்க மட்டும் முடியவில்லை என்றால் மஞ்சள்.

இந்த ஒரு நிமிடத்தில் இரண்டே வைத்தியத்துக்கு அனுமதி. மூச்சுப்பாதையைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது. கேனுலா (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடக் கை பரபரக்கும், நமக்குப் பழகிய வேலை அல்லவா. போடாதீர்கள். நீங்கள் ஒருவருக்கு நரம்பு தேடும் மூன்று நிமிடத்தில், நான்காவது ஆள் நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைத்துப் போயிருப்பார்.

பச்சை என்றால் பச்சைதானா? திரும்பப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு டீ கிளாஸ்.

தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன பிக்கப் கவிழ்ந்து பதினைந்து, பதினாறு பேர் வந்த நாள். பச்சைக்காரர்களை ஓ.பி. பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். யாரோ புண்ணியவான் எதிர்க் கடையிலிருந்து எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். எல்லாரும் குடித்து முடித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். டீ மேலே ஆடை படர்ந்திருந்தது. “ஏங்க குடிக்கலையா?” என்றேன். “இடது தோள்ல வலிக்குது சிஸ்டர்” என்றார். தோளில் ஒரு கீறல்கூட இல்லை. நாடியைப் பிடித்தால் 130. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி இடது தோளில் தெரியும்.

அதனால் பச்சைக்கூட்டத்துக்கு என்று ஒரு நர்ஸை ஒதுக்குங்கள், பயிற்சி மாணவியாக இருந்தாலும் பரவாயில்லை. கால் மணிக்கு ஒருமுறை நாடி பார்க்கட்டும். அப்புறம், யாருக்கும் டீ, பன் கொடுக்க விடாதீர்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய ஆள் யார் என்று அப்போது நமக்குத் தெரியாது.

நகத்தை அழுத்தி ரத்த ஓட்டம் பார்க்கும் முறை ஊட்டியில் செல்லுமா?

சரியான கேள்வி. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும் என்று பழைய பாடம் சொல்கிறது. டிசம்பர் மாதம் ஊட்டியில் உங்கள் நகத்தையே அழுத்திப் பாருங்கள், மூன்று நொடி ஆகும். குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. போதாததற்குத் தேயிலை பறிக்கும் அம்மாக்களின் விரலும் நகமும் கறை ஏறிக் கறுத்திருக்கும், வெளுப்பதும் தெரியாது, சிவப்பதும் தெரியாது. சேற்றிலிருந்து தூக்கி வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே மணிக்கட்டு நாடியை நம்புங்கள். ஸ்டார்ட் முறையிலும் பிற்பாடு அப்படித்தான் திருத்திக்கொண்டார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் குளிர்ந்த கையில் ஒன்றும் காட்டாது, அல்லது எதையாவது காட்டும். காதுக்கான கிளிப் இருந்தால் காது மடலில் மாட்டிப் பாருங்கள்.

குளிரைப் பற்றி இன்னொன்று. ரத்தம் இழந்தவரின் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. உறையாவிட்டால் இன்னும் இழப்பார், இன்னும் குளிர்வார். நனைந்த துணியைக் கத்தரித்து எறிந்துவிட்டுக் கம்பளி போர்த்துவது நம் ஊரில் உபசாரத்தில் சேராது, அது ரத்தத்தை நிறுத்தும் வேலை. சலைன் பாட்டில்களையும் வெதுவெதுப்பாக்கி ஏற்றுங்கள். பேரிடர் அலமாரியில் கம்பளிக்குத்தான் முதல் தட்டு என்பது என் பிடிவாதம்.

கறுப்பு டேக் கட்டிய பிறகு அம்மா வந்து “என் பிள்ளையைப் பாருங்க” என்று கதறினால்?

இதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. இப்படிச் செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

டேக் போடும் ஆள் அங்கே நின்று பேசக்கூடாது, அடுத்தவரிடம் போக வேண்டும். பேசுவதற்கு இன்னொருவர் வேண்டும். கறுப்புப் பகுதியை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஆனால் ஆளில்லாமலும் விடாதீர்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும், ஆனால் இருக்கிற வசதியில் பிழைக்க வைக்க முடியாத ஆட்களும் அங்கே இருக்கலாம். ‘சால்ட்’ என்ற இன்னொரு முறையில் அவர்களுக்குச் சாம்பல் நிறம் என்றே தனியாக உண்டு. வலி மருந்து, போர்வை, பக்கத்தில் ஒரு மனிதர், இவ்வளவும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். சிவப்பு வரிசை குறைந்ததும் டாக்டரோடு முதல் நடை அங்கேதான். அப்போது நிறம் மாறலாம், மாறியும் இருக்கிறது.

அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். “பார்த்துட்டோம்மா, மூச்சு இல்லை. டாக்டர் மறுபடி வந்து பார்ப்பார். நீங்க பக்கத்துல உட்காருங்க.” இதற்கு மேல் வார்த்தை வேண்டாம்.

குழந்தைகளுக்கும் இதே கணக்கா?

இல்லை. ஒன்று முதல் எட்டு வயது வரை ‘ஜம்ப் ஸ்டார்ட்’. மூச்சு 15-க்குக் கீழோ 45-க்கு மேலோ போனால் சிவப்பு. பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பாதையைத் திறந்தும் மூச்சில்லாத குழந்தைக்கு நாடி இருந்தால், ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்த்த பிறகே கறுப்பு. குழந்தைக்கு முதலில் நிற்பது மூச்சு, இதயம் அதற்குப் பின்தான். தூக்கி வரப்படும் கைக்குழந்தையைப் பச்சையில் சேர்க்காதீர்கள். நடந்து வந்தது அம்மா, குழந்தை அல்ல.

டாக்டர் இல்லாமல் நர்ஸ் டேக் போடலாமா?

போடலாம். போடவும் வேண்டும். இருக்கிற ஒரு டாக்டரை வாசலில் நிறுத்தி ரிப்பன் கட்டச் சொன்னால் உள்ளே நெஞ்சில் டியூப் போடுவது யார்? அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் வாசலில், டாக்டர் சிவப்பில்.

அச்சடித்த டேக் இல்லையென்றால்?

ரிப்பன் போதும். நான்கு நிற ரிப்பன், பர்மனன்ட் மார்க்கர், பிளாஸ்டர், டார்ச், கத்தரி, மூச்சுப்பாதை அடையாமல் வாயில் வைக்கும் ஏர்வேக்கள், ரத்தம் நிற்கக் கை காலை இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே. இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக் கேஷுவாலிட்டி கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். பனிமூட்டத்திலும் டார்ச் வெளிச்சத்திலும் சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே பிளாஸ்டரில் சி, ம, ப, க என்று எழுத்தையும் எழுதி நெஞ்சில் ஒட்டுங்கள். ஈரத் தோலில் மார்க்கர் எழுதாது, துடைத்துவிட்டு எழுதுங்கள். டூர்னிக்கே கட்டினால் கட்டிய நேரம் நெற்றியில் இருக்க வேண்டும்.

மண்சரிவில் மணிக்கணக்காகப் புதைந்திருந்தவரை வெளியே எடுத்ததும் நன்றாகப் பேசுகிறார். மஞ்சள்தானே?

பயப்பட வேண்டிய ஆள் இவர்தான். தொடை, இடுப்பு போன்ற பெருந்தசைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தால், தசை செத்து அதற்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறக் காத்திருக்கும். மேலே கிடக்கும் பாறையை நகர்த்திய நிமிடம் அது மொத்தமாக ரத்தத்தில் கலக்கும். மண்ணுக்கடியில் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்ததும் இதயம் நின்று போவது இதனால்தான். “சிரிச்சுப் பேசினாரு, தூக்கினதும் போய்ட்டாரு” என்று ஊரில் சொல்வார்கள்.

மீட்புக்காரர்களிடம், பாறையைத் தூக்கும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு கை வெளியே தெரிந்தாலும் போதும், அதில் கேனுலா போட்டு நார்மல் சலைன் ஓட்டுங்கள், பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவில். வாசலில் கேனுலா வேண்டாம் என்று மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு திரவம் வேண்டாம், அதிலும் பொட்டாசியம் இருக்கிறது. மருத்துவமனைக்கு வந்ததும் ஈ.சி.ஜி. ‘டி’ அலை கூடாரம் மாதிரி கூர்மையாக நின்றால் டாக்டரைக் கூவி அழையுங்கள். கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின், டெக்ஸ்ட்ரோஸ், சால்பியூட்டமால் எல்லாம் ட்ரேயில் தயாராக இருக்கட்டும். யூரின் கதீட்டர் போட்டு நிறத்தைப் பாருங்கள். கட்டன் சாயா (பால் விடாத டீ) மாதிரி இறங்கினால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று பொருள். டயாலிசிஸ் இருக்கும் இடத்துக்கு இப்போதே பேசுங்கள்.

யாரை முதலில் கீழே அனுப்புவது?

சமவெளியில் எழுதப்பட்ட ட்ரையாஜ் பாடத்தில் இந்தக் கேள்வி ஒரு பத்தியில் முடிந்துவிடும். நமக்கு இதுதான் முழுப் பாடமும். நிறம் கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி மலைப்பாதையில் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து கோவைக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசன் கூட்டம், பனி, விழுந்த மரம் எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 108 வண்டி கீழே போனால் ஆறு மணி நேரத்துக்கு அந்த வண்டி நமக்கு இல்லை. அதை யாருக்குச் செலவழிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

சிவப்பிலேயே இரண்டு வகை பாருங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து மூச்சுத் திணறுகிறவருக்கு ஊசியும் டியூபும் இங்கேயே போடலாம், போட்டால் அரை மணியில் மஞ்சளாகிவிடுவார். போடாமல் அனுப்பினால் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாறைத் தாண்ட மாட்டார். தலைக்குள் ரத்தக் கசிவு, பெரிய ரத்தக்குழாய்க் காயம் என்றால் கீழேதான் வழி. இவர்களுக்கு வண்டி. எல்லாரையும் ஒரே மருத்துவமனைக்கு அனுப்பினால் இங்கே இருந்த பேரிடரை வண்டியேற்றி அங்கே இறக்கியதாகத்தான் ஆகும். போன் செய்து பிரித்து அனுப்புங்கள். ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்த பிறகு முன்பு போல் எல்லாவற்றுக்கும் கோவை என்ற நிலை இல்லை. ஆனால் குன்னூருக்குக் கீழே விபத்து என்றால், மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்று அந்த நேரத்துச் சாலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கூடலூர், பந்தலூர் ஆட்களுக்கு ஊட்டிக்கு வரும் நடுவட்டம் பாதை அடைத்துவிட்டால் பாட்டவயல் வழியாகக் கேரளத்து சுல்தான் பத்தேரி பக்கம். நோயாளிக்கு மாநில எல்லை கிடையாது.

வண்டி கிளம்புமுன் சில காரியங்கள். ரத்தப்போக்கு உள்ளவருக்கு அதைக் குறைக்கும் மருந்தான ட்ரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டியது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதற்குப் பிறகு கெடுதல்கூட. கோவையில் போட்டுக்கொள்வார்கள் என்று விட்டால் அந்த மூன்று மணி நேரம் வளைவுகளிலேயே தீர்ந்துவிடும். டாக்டரிடம் ஆர்டர் கேட்டு இங்கேயே போடுங்கள்.

ஆக்சிஜன் கணக்கு: நிரம்பிய ‘பி’ டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். பயணம் மூன்று மணி நேரம். மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெச்சரில் தலை முன்பக்கம் இருக்கும். இறக்கத்தில் தலை தாழ்ந்துவிடும். தலைக்காயத்துக்கு அது ஆகாது, தலைமாட்டை உயர்த்துங்கள். வளைவில் யாருக்கும் குமட்டும். கழுத்துக் காலரோடு மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்பே போட்டு, வாயில் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் வேலை செய்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். 2240 மீட்டரிலிருந்து மேட்டுப்பாளையத்தின் 300 மீட்டருக்கு இறங்கும்போது அடைபட்ட காற்று ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். மூச்சுக்குழாய் டியூபைச் சுற்றிக் காற்றடைத்த பலூன் போன்ற கஃப் இங்கே சரியாக இருந்தது அங்கே கசியும். கூடப் போகும் நர்ஸ் பாதி வழியில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வண்டியில் ஒரு சிவப்போடு உட்கார்ந்து வரக்கூடிய ஒரு மஞ்சளையும் அனுப்பலாம். பச்சைக்காரர் யாரும் ஆம்புலன்ஸில் கீழே போகக்கூடாது. கட்சிக்காரர் போன் பண்ணினாலும்தான்.

108 வருவதற்கு முன்பே ஜீப்பிலும் ஆட்டோவிலும் வந்து குவிகிறார்களே?

எப்போதும் அப்படித்தான் நடக்கும். லேசான காயக்காரர்தான் முதலில் வருவார், அவரால் ஆட்டோ பிடிக்க முடியும். பள்ளத்தில் சிக்கியவர் கயிறு கட்டி மேலே வர இரண்டு மணி நேரம். முதல் பத்துப் பேருக்கு உள்ளே இருக்கும் எல்லா படுக்கையையும் கொடுத்துவிட்டால், சிவப்பு வரும்போது தரைதான் மிஞ்சும். சிவப்புப் படுக்கைகளைக் காலியாகவே வைத்திருங்கள், பார்க்கிறவர்கள் திட்டினாலும். ஏற்கெனவே வார்டில் இருப்பவர்களில் நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர்களை இன்றே டாக்டரிடம் கேட்டு அனுப்புங்கள்.

மொழி தெரியாதவர்களிடம் என்ன செய்வது?

நம் எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்கண்ட் ஆட்கள் நிறைய. தமிழில் “கையை அழுத்துங்க” என்றால் முழிப்பார்கள், அதைப் பார்த்துச் சிவப்புக் கட்டிவிடுவோம். இந்தியில் “ஹாத் தபாவோ” என்ற இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் மலையாளம், படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) வயதான பாட்டிமார்களுக்குப் படுக மொழி. காது கேளாதவரும் இருப்பார். எல்லாருக்கும் பொதுவாக, உங்கள் கையை அவர் கையில் வைத்து நீங்களே ஒருமுறை அழுத்திக் காட்டுங்கள். திருப்பி அழுத்துவார்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதாமல் வைத்தியம் தொடங்கலாமா? பெயரே தெரியாவிட்டால்?

தொடங்குங்கள். போலீஸ் தகவல், ஏ.ஆர். பதிவு எல்லாம் பின்னாலேயே வரும், ஆனால் வராமல் போகக்கூடாது. பெயர் தெரியாதவருக்கு எண் கொடுங்கள். ‘பச்சை ஸ்வெட்டர்’ என்று எழுதாதீர்கள், ஸ்வெட்டரைக் கத்தரித்த பிறகு அவர் யார்? சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று உறவினர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பதற்றம் அடங்கும்.

சம்பவ இடத்துக்கு நர்ஸ் போக வேண்டுமா?

மருத்துவமனையைக் காலி செய்துவிட்டு எல்லாரும் ஓடக்கூடாது. அனுப்பப்பட்டால் போக வேண்டும். 2024 ஜூலையில் வயநாடு சூரல்மலையில், பாலம் அடித்துப் போன ஆற்றுக்கு மேலே கயிற்றில் தொங்கி அக்கரை போய் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலுதவி செய்த சபீனா நம் கூடலூர் நர்ஸ். தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர் தனியாகக் கிளம்பிப் போகவில்லை, மீட்புக் குழு கட்டிய கயிற்றில், அவர்கள் மாட்டிவிட்ட பெல்ட்டோடு போனார். சரிவு நடந்த இடத்தில் மறுசரிவு வரும். மீட்புக்குழுத் தலைவர் ‘சரி’ என்று சொல்லும்வரை கால் வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு தூக்கம் வரவில்லை. நான் போட்ட நிறம் தப்போ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை. எனக்கு அந்த டீ கிளாஸ் இன்னும் வருகிறது, அவர் பிழைத்தும்கூட. மறுநாளோ அதற்கு மறுநாளோ, அன்று டியூட்டியில் இருந்த எல்லாரும், ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், துப்புரவு அக்கா, 108 ஓட்டும் பைலட் உட்பட, அரை மணி நேரம் ஓர் அறையில் உட்காருங்கள். யார் தப்பு என்று பேச வேண்டாம், யார் எதைப் பார்த்தோம் என்று மட்டும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், செலவில்லை. அதற்கு முன்னால், அன்றைக்கே, டியூட்டி முடித்துக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் இருக்கும் பையைத் திறந்து பாருங்கள். சிவப்பு ரிப்பன் தீர்ந்திருக்கும்.